தரைக்கு அடியில் படி இல்லை, தெருவுக்கு வந்ததும் படி முளைக்கிறதே, எப்படி?

திருநகர்_மூணாவது_ஸ்டாப்

வணக்கம். ரொம்ப நாளாக மண்டைக்குள் கிடக்கிற கேள்வி. டிராம், ரயில் விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு சான் பிரான்சிஸ்கோ போயிருந்தேன். அவன் இருப்பது சன்செட் என்கிற பகுதி, கடல் பக்கம். அம்மாவுக்கு எழுபத்தொன்று, இரண்டு முழங்காலும் தேய்மானம். ஊரில் பஸ் ஏறுவது என்றால் அது ஒரு சடங்கு: ஒரு கை கம்பியில், ஒரு கை என் தோளில், ஒரு "முருகா", பின்னாடி நிற்கிறவர் "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவசரப்படுத்த, அதற்குள் வண்டி நகர ஆரம்பித்திருக்கும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்த பிறகும் அம்மா காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில்தான் போகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே முதல் நாள் பவல் என்ற ஸ்டேஷன். தரைக்கு அடியில் இருக்கிறது. 'என்-ஜூடா' என்று பெயர் போட்ட வண்டி வந்து நின்றது, கதவு திறந்தது, அம்மா பூஜை அறைக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போய்விட்டார். நிலைப்படி உயரம்கூட இல்லை, சமதளம். உட்கார்ந்ததும் "இது நல்லாருக்கே" என்றார். வண்டி கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து சாதாரணத் தெருவில் ஓட ஆரம்பித்தது, இரண்டு பக்கமும் வீடுகள், காய்கறிக் கடை, துணி வெளுக்கிற கடை. தம்பி சொன்ன இடம் வந்து கதவு திறந்தால், ஏறும்போது இல்லாத படிக்கட்டு அங்கே இருக்கிறது! நான் வண்டியை மாற்றிவிட்டேனோ என்கிற மாதிரி அம்மா என்னைப் பார்த்தார். இறங்கினால் பிளாட்பாரமும் இல்லை, நேராகத் தார் ரோடு, அதுவும் ரோட்டின் நடுவில். ஸ்டாப் என்பதற்கு அடையாளம் ஓரத்துக் கம்பத்தில் அடித்த மஞ்சள் பெயிண்ட். அவ்வளவுதான்.

ஒரே வண்டி, ஒரே டிக்கெட். ஒரு முனையில் ஏர்போர்ட் மாதிரி ஸ்டேஷன், மறுமுனையில் மஞ்சள் கோடு. அந்தப் படி எங்கிருந்து வந்தது? எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கட்டினால் என்ன? அப்புறம், மஞ்சள் கோடு போதும் என்றால் நம்ம மதுரை மாசி வீதியிலும் ஒரு டிராம் விடலாமே என்று எனக்கு ஓர் ஆசை, அதையும் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்

அண்ணே, நான் அந்த ஊரில்தான் பதினோரு வருஷமாக இருக்கிறேன், தினமும் அதே என்-ஜூடாவில்தான் வேலைக்குப் போகிறேன். அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறார், படி உண்மையிலேயே முளைக்கிறது.

வண்டியின் தரை ரோட்டில் இருந்து கிட்டத்தட்ட மூன்று அடி உயரம். சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்பாரமும் அதே உயரம், அதனால் சமதளம். கதவுக்கு உள்ளே இருக்கிற படிகள் நகரக்கூடியவை. சுரங்கத்துக்குள் அவை மேலே எழும்பி வண்டித் தரையோடு தரையாக நிற்கும், வெளியே வந்ததும் ஓட்டுநர் இறக்கிவிடுவார், படிக்கட்டாகிவிடும். உங்கள் வண்டி டூபோஸ் தெருப் பக்கம் வெளியே வந்ததே, அங்கேதான் மாறியிருக்கும். அதற்கப்புறம் இன்னொரு சுரங்கத்துக்குள் போயிருப்பீர்கள், அது 1928இல் திறந்த சன்செட் சுரங்கம். அதற்குள் ஸ்டேஷன் கிடையாது என்பதால் படி இறங்கினது இறங்கினபடியே இருக்கும்.

ஏன் இப்படி ஒரு குழப்பம் என்றால், இது ஒரே சமயத்தில் திட்டம் போட்டுக் கட்டின அமைப்பு இல்லை. மாநகராட்சியே நடத்துகிற முனி 1912இல் சாதாரணத் தெரு டிராமாகத்தான் ஆரம்பித்தது. 1918இல் ட்வின் பீக்ஸ் மலைக்கு அடியில் சுரங்கம் போட்டார்கள். அதில் ஃபாரஸ்ட் ஹில் என்ற ஸ்டேஷன் இன்றும் ஓடுகிறது, லிஃப்டில் இறங்கித்தான் போக வேண்டும். நூறு வருஷம் தாண்டின ஸ்டேஷன். பிறகு 60களில் பார்ட் என்கிற பெரிய ரயிலுக்காக மார்க்கெட் தெருவைத் தோண்டினார்கள். தோண்டுகிற குழியில் இரண்டு அடுக்காகக் கட்டிவிடலாம் என்று மேல் அடுக்கு டிராமுக்கு, கீழ் அடுக்கு பார்ட்டுக்கு என்று வைத்தார்கள். எம்பார்கடேரோ, மான்ட்கோமரி, பவல், சிவிக் சென்டர், இந்த நாலு ஸ்டேஷனிலும் அப்படித்தான். டிராம் அதற்குள் ஓட ஆரம்பித்தது 1980இல். சுரங்கத்துக்குள் கூட்டம் படபடவென்று ஏறி இறங்க வேண்டும், அதற்கு உயரப் பிளாட்பாரம். வெளியே அதே பழைய தெரு. இரண்டுக்கும் ஒரே வண்டி போக வேண்டும் என்றால் வண்டிதான் வேஷம் மாற வேண்டும். முதலில் வாங்கின வண்டி விமானம் செய்கிற போயிங் கம்பெனி செய்தது, அடுத்து இத்தாலி பிரெடா, இப்போது சீமென்ஸ். மூன்றிலும் இந்தப் படி வித்தை உண்டு.

தெருவிலும் உயரப் பிளாட்பாரம் கட்டலாமே என்றால், ஜூடா தெருவில் வீட்டுக்கு வீடு கார் ஷெட், நான்கு வீட்டுக்கு ஒரு குறுக்குத் தெரு மாதிரி வந்துகொண்டே இருக்கும். சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அமெரிக்க விதி. மூன்று அடி உயரத்துக்கு முப்பத்தாறு அடி சரிவு, அதற்கு மேல் பிளாட்பாரம். ஸ்டாப்புக்கு ஸ்டாப் இதைக் கட்டினால் தெருவே மறைந்துபோகும். அதனால் சில இடங்களில் மட்டும் கதவு அகலத்துக்கு ஒரு குட்டி மேடை கட்டிச் சரிவு வைத்திருக்கிறார்கள். 19வது அவென்யூ ஸ்டாப்பில் ஒன்று இருக்கிறது. வண்டி முதலில் எல்லோருக்காகவும் ஒருமுறை நிற்கும், பிறகு முன் கதவு மேடைக்கு நேராக வருகிற மாதிரி நகர்ந்து இரண்டாவது முறை நிற்கும். சக்கர நாற்காலிக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் கேட்கவே மாட்டார்கள். முழங்கால் வலிக்காரர்களும் கேட்கலாம் அண்ணே.

முழுக்க சமதளமாகப் போக வேண்டும் என்றால் 'டி-தர்டு' தடம். 2007இல் புதிதாகப் போட்டது, அகலமான ரோடு, நடுவில் எல்லா ஸ்டாப்பிலும் உயரப் பிளாட்பாரம். இப்போது அது யூனியன் ஸ்கொயர் வழியாகச் சைனாடவுனுக்கு அடியில் வரை போகிறது, அந்தச் சுரங்கம் திறந்து மூன்று நாலு வருஷம்தான் ஆகிறது.

விளக்குத்தூண்_டு_மெல்போர்ன்

படியை ஏற்றி இறக்குகிற வேலையே வேண்டாம், வண்டியின் தரையை இறக்கிவிடு என்று பிரான்சில் கிரனோபிள் ஊர்க்காரர்கள் 1987இல் செய்துகாட்டிவிட்டார்கள். தாழ்தள டிராம். பிளாட்பாரம் ஒரு அடி இருந்தால் போதும், நடைபாதையைக் கொஞ்சம் தூக்கின மாதிரி. சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் பாவம், அதற்கு முன்னாடியே சுரங்கத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள், இனி அத்தனை பிளாட்பாரத்தையும் வெட்டவா முடியும்?

எங்கள் மெல்போர்னில் சுமார் 250 கிலோமீட்டர் டிராம், 1,700க்கு மேல் ஸ்டாப். உலகத்திலேயே பெரியது. ஆனால் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள், படி வைத்த பழைய வண்டிகளும் ஓடுகின்றன, நடுரோட்டில் இறங்குகிற ஸ்டாப்புகளும் ஏராளம். டிராம் நின்று கதவு திறந்தால் பின்னால் வருகிற கார் நின்றே ஆக வேண்டும் என்பது சட்டம், கலிஃபோர்னியாவிலும் அதேதான் என்று நினைவு. அந்தச் சட்டம்தான் அங்கே பிளாட்பாரம். கான்கிரீட் இல்லாத பிளாட்பாரம்.

கீழமாசி_மொத்தவிலை

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். கீழமாசி வீதியில் முப்பது வருஷமாக மளிகை வியாபாரம் பண்ணுகிறவன் சொல்கிறேன், கேளுங்கள்.

காலை பத்து மணிக்கு ஒரு தடவை வந்து நின்று பாருங்கள். ஒரு பக்கம் மூட்டை இறங்கும், இன்னொரு பக்கம் லோடு ஆட்டோவில் மூட்டை ஏறும், நடுவில் தள்ளுவண்டி, அதற்கும் நடுவில் டிவிஎஸ் எக்ஸெல்லில் மூன்று டின் எண்ணெய் கட்டிக்கொண்டு ஒருத்தன். இதற்குள் தண்டவாளமா? பஸ் டிரைவராவது வளைத்து நெளித்து எடுத்துவிடுவார். டிராமுக்கு ஒதுங்கத் தெரியாது. ஒரு வெங்காய லாரி ரோட்டில் நின்றால், அது இறக்கி முடிக்கிறவரை மணி அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அதற்குப் பின்னால் வருகிற அத்தனை டிராமும் சேர்ந்து.

மெல்போர்ன் தம்பி, கதவு திறந்தால் கார் நிற்குமா? நம்ம ஊரில் கதவு திறந்த பக்கமாகத்தான் பைக் புகும். இறங்குகிற பெரியம்மாவைப் பார்த்து "பார்த்து இறங்க மாட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வேறு போவான். தண்டவாளப் பள்ளத்தில் மழை நேரத்தில் பைக் டயர் மாட்டினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

அப்புறம் தேர். சித்திரைத் தேர் சுற்றுவது இதே நாலு மாசி வீதிகள். டிராமுக்கு வீதி நெடுகத் தலைக்கு மேல் கம்பி வேண்டும். சாமி தேரும் அம்மன் தேரும் அசைந்து வரும்போது அந்தக் கம்பியை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? ஆசை நல்ல ஆசைதான், இடம் இது இல்லை.

மேலூர்க்காரன்

அண்ணாச்சி சொல்கிற தண்டவாளப் பள்ளம் இங்கேயும் பிரச்சினைதான், சைக்கிள்காரர்கள் அடிக்கடி விழுகிறார்கள். கடைக்காரர்கள் சண்டையும் இங்கே உண்டு. டாராவல் தெருவில் இறங்கினால் நேராகக் கார் ஓடுகிற பாதையில்தான் இறங்க வேண்டும், ஆட்கள் அடிபட்டார்கள். அதற்காகச் சில ஸ்டாப்பை எடுத்துவிட்டு, மீதியில் நடுரோட்டில் நீளமாகக் கான்கிரீட் திட்டு கட்டினார்கள். பார்க்கிங் போகிறது, வியாபாரம் படுத்துவிடும் என்று தெருவே எழுந்து நின்றது. அந்த 'எல்-டாராவல்' தடம் பல வருஷம் பஸ்ஸாக ஓடி, 2024 செப்டம்பரில்தான் மறுபடி டிராமாக வந்தது. ஒரு திட்டு கட்ட இவ்வளவு பாடு.

பழைய_வரைபடக்காரர்

ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் தேர். மாசி வீதிக்காரர் சொன்ன கம்பிப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. பிரான்சில் போர்டோ நகரத்தில் பழைய கட்டடங்களுக்கு முன்னால் கம்பி தொங்கக் கூடாது என்று, 2003இல் ஆரம்பித்தபோதே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் தரையில் மின்சாரம் வைத்தார்கள். துண்டு துண்டாகப் பிரித்து, வண்டிக்கு அடியில் இருக்கிற துண்டில் மட்டும் மின்சாரம் வரும், அதனால் மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆரம்பத்தில் அங்கேயே அது அடிக்கடி மக்கர் பண்ணியது. ஒரு மணி நேர மழைக்குக் கணுக்கால் தண்ணீர் நிற்கிற நம்ம தெருவில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நீஸ் நகரத்தில் 2007இல் வேறு வழி பிடித்தார்கள்: பெரிய சதுக்கம் வந்ததும் வண்டி தன் கொம்பை மடக்கிக்கொண்டு பேட்டரியில் அதைக் கடந்துவிடும், தாண்டியதும் மறுபடி கம்பியைத் தொடும். ஆக தேர் ஒரு தடை இல்லை. வெங்காய லாரிதான் தடை. அதற்கு எந்த ஊரிலும் கருவி கண்டுபிடிக்கவில்லை.

டிராம் நமக்குப் புதிதும் இல்லை. சென்னையில் 1895இல் மின்சார டிராம் வந்து 1953 வரை ஓடியது.

இப்போதைய நிலைமை எல்லோருக்கும் தெரியும். திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் மெட்ரோ, ஊருக்குள் கொஞ்ச தூரம் சுரங்கம் என்று போன திட்டம், 2025 நவம்பரில் தில்லியில் இருந்து திரும்பி வந்துவிட்டது. 2017ஆம் வருஷத்து மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகை கேட்கிறது, 2011 கணக்கெடுப்பில் மதுரையும் சுற்றியுள்ள நகர்ப்பகுதியும் சேர்த்து 15 லட்சத்துக்குப் பக்கம்தான். அந்தக் கணக்கெடுப்பு எவ்வளவு பழசு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. மெட்ரோ கிடைக்காத ஊருக்கு மெட்ரோலைட் என்று ஒன்றை மத்திய அரசு 2019இல் வரையறை செய்தது. தரையோடு ஓடும் சின்ன ரயில், ஸ்டேஷன் என்றால் ஒரு நிழற்குடை, டிக்கெட் கேட் இல்லை, பெட்டியைச் சோதிக்கும் மெஷின் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதையின் இரண்டு பக்கமும் வேலி போட வேண்டும். எண்பதடி ரோட்டில் போடலாம், மாட்டுத்தாவணி பக்கம் போடலாம். மாசி வீதியில் வேலி போட்டால் எதிர்க்கடைக்குப் போக விமானம்தான் பிடிக்க வேண்டும்.

திருநகர் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டீர்கள், உங்கள் அம்மா பார்த்தது ஸ்டேஷனை இல்லை, கால் வைக்கிற இடத்துக்கும் வண்டித் தரைக்கும் நடுவில் இருந்த உயரத்தை. பவலில் அது பூஜ்யம், ஜூடா தெருவில் மூன்று அடி. மேலே கூரை இருந்ததா, கம்பத்தில் மஞ்சள் பெயிண்ட் இருந்ததா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. டிராமில் எனக்குப் பிடித்தது அதன் வேகம் இல்லை, ஊருக்குள் அது அப்படி ஒன்றும் வேகமாகப் போகாது. தண்டவாளம் இருக்கிற காரணத்தால் அது பிளாட்பாரத்தை விட்டு ஒரு சாண்கூடத் தள்ளி நிற்க முடியாது, அதுதான் அதன் பெருமை. அண்ணாச்சி குறை சொன்னாரே, ஒதுங்கத் தெரியாது என்று, அந்தக் குறைதான் ஏறுகிறவருக்கு வரம். பஸ்ஸுக்கு ஒதுங்கத் தெரியும், அதனால் நிழற்குடை ஓரிடம், வண்டி நிற்பது ஓரிடம். நடைபாதை ஓரம் ஷேர் ஆட்டோ அடைத்து நிற்கும், பஸ் ரோட்டின் நடுவில் நிற்கும், ஆறு அங்குல நடைபாதையில் இருந்து இறங்கி, தார் ரோட்டுக்கு வந்து, பிறகு படியில் ஏற வேண்டும். இறங்கி ஏறுவது இரண்டு வேலை. தாழ்தள பஸ் வாங்கினாலும் அது ஓரமாக வந்து ஒட்டி நிற்காவிட்டால் பாதி பலன் போய்விடும்.

என்னைக் கேட்டால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் – மாட்டுத்தாவணி தடத்தில் பத்து நிறுத்தத்தை மட்டும் எடுத்து, நடைபாதையை ஒரு அடிக்குத் தூக்கி, ஓரத்தை வண்டிக்குக் காலியாக விட்டு, அதில் தாழ்தள பஸ்ஸை ஒட்டி நிறுத்திப் பழக்கிப் பார்க்கலாம். தண்டவாளம் பிறகு.

கீழமாசி_மொத்தவிலை

ஐயா சொன்னதில் வெங்காய லாரியைத் தவிர எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். லாரியை ராத்திரி வரச் சொன்னால் சுமை இறக்க ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் ராத்திரிக் கூலி தனி. ஓரத்தைக் காலியாக விடு என்று எழுதுவது சுலபம், சிம்மக்கல்லில் அதைக் காலியாக வைத்திருக்க எத்தனை போலீஸ் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

விளக்குத்தூண்_டு_மெல்போர்ன்

போலீஸ் வேண்டாம் அண்ணாச்சி, நடைபாதையையே பஸ் ஓடுகிற பாதை வரை நீட்டிவிட்டால் போதும். ஓரம் என்ற ஒன்றே இருக்காது, அப்புறம் ஆட்டோ எங்கே நிற்கும்? இங்கே பல டிராம் ஸ்டாப் அப்படித்தான், நடைபாதை வெளியே துருத்திக்கொண்டு வந்து தண்டவாளத்தைத் தொடும்.

கீழமாசி_மொத்தவிலை

துருத்தின இடத்தில் வடைக்கடை வரும். பந்தயம்.

திருநகர்_மூணாவது_ஸ்டாப்

எல்லோருக்கும் நன்றி. வடைக்கடை வந்தால் அம்மாவுக்கு ஆட்சேபணை இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும், வரைபடக்கார ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ஊரிலும் கடைசியில் நடுரோட்டில்தானே இறக்கிவிட்டான்" என்றார். ஆனால் அங்கே அவர் இறங்கி ஓரத்துக்கு நடந்து முடிக்கிறவரை இரண்டு காரும் ஒரு வேனும் பின்னால் அசையாமல் நின்றன, அவர் கையெடுத்துக் கும்பிட்டார், வேன்காரர் கை காட்டினார். அதைத்தான் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சுரங்க ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு விஷயமும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே அவென்யூவுக்கெல்லாம் எண்தான், 19, 20, 21 என்று. எங்கள் திருநகரிலும் ஸ்டாப்புக்கு எண்தானே, அதனால் அந்த ஊரில் வழி தவறாத ஒரே ஆள் அவர்தான்.

மேலூர்க்காரத் தம்பி, அடுத்த கோடையில் மறுபடி போகலாம் என்று இருக்கிறோம். தம்பி வீடு 23வது அவென்யூ. 19இல் அந்தக் குட்டி மேடையில் இறங்கினால் அம்மாவால் நடந்துவிட முடியுமா?

மேலூர்க்காரன்

நாலு பிளாக் அண்ணே, அவென்யூவுக்கு அவென்யூ நூறு மீட்டர்கூட வராது. மெதுவாகப் போனாலும் பத்து நிமிடம். சாயங்காலம் கடல் காற்று குளிரும், ஸ்வெட்டர் இல்லாமல் இறக்காதீர்கள். முதல் பெட்டியில் முன் கதவுப் பக்கமே உட்கார வையுங்கள், மேடைக்கு நேராக வருவது அந்தக் கதவு மட்டும்தான். இறங்குவதற்கு முன்னாடியே ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும், முதல் நிறுத்தத்தில் கூட்டத்தோடு எழுந்து நிற்க வேண்டாம். இரண்டாவது முறை நிற்கும், அப்போது எழுந்தால் போதும்.